கன்சோல் பிளக்இன் போட்டும் ஒன்றும் கேட்கவில்லையா? உள்ளே போகும் லெவலைப் பாருங்கள்

"அண்ணா, கன்சோல் பிளக்இன் வாங்கி எல்லா டிராக்கிலும் போட்டுட்டேன். ஒண்ணுமே கேக்கலையே?"

வீட்டிலேயே பாட்டு மிக்ஸ் செய்யும் தம்பி ஒருவன் போன மாதம் இப்படிக் கேட்டான். "உள்ளே எவ்வளவு லெவல் போகுது?" என்றேன். "அதையெல்லாம் பாக்கணுமா?" என்றான். அன்றைக்கு அவனுக்குப் போனில் அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

விளம்பரங்களை நம்பினால், எஸ்.எஸ்.எல்., நீவ், ஏ.பி.ஐ. போன்ற பெரிய ஸ்டூடியோ மிக்ஸிங் மேசைகளின், அதாவது கன்சோல்களின் ஓசையை, மிக்ஸ் மென்பொருளுக்குள் செருகும் இந்தப் பிளக்இன்கள் நம் லேப்டாப்பில் கொண்டுவந்து இறக்கிவிடும். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாளிக்கும்போது என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். எண்ணெய் காயாமல் கடுகைப் போட்டால் அது பேசாமல் அடியில் கிடக்கும். எண்ணெய் புகைந்த பிறகு போட்டால் கருகிக் கசக்கும். இரண்டிலும் கடுகின் மேல் குற்றமில்லை. கன்சோல் பிளக்இன்னுக்கு உள்ளே போகும் சிக்னலின் லெவல்தான் அந்த எண்ணெயின் சூடு. அதைப் பார்த்துச் சரிசெய்யும் வேலைக்குத்தான் கெயின் ஸ்டேஜிங் என்று பெயர்.

தரையும் கூரையும்

கெயின் ஸ்டேஜிங் என்பது கம்ப்யூட்டருக்கு முன்பே பிறந்த சொல். அந்தக் காலத்து மேசையில் ஒரு குரல் எப்படிப் பயணம் செய்தது என்று பார்த்தால் பெயர்க் காரணம் புரிந்துவிடும். மைக்கில் இருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கில் இருக்கும் மிகச் சிறிய மின்னழுத்தம். ப்ரீஆம்ப் அதை ஒரு வோல்ட் அளவுக்கு ஏற்றும். அங்கிருந்து ஓசையின் தன்மையைத் திருத்தும் ஈக்வலைசர், சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடர், எல்லா டிராக்கும் ஒன்று சேரும் பஸ், மாஸ்டர், கடைசியில் டேப். ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஜ். ஒவ்வொரு ஸ்டேஜிலும் கீழே ஒரு தரை உண்டு, மேலே ஒரு கூரை உண்டு. தரை என்பது சர்க்யூட் தானாகவே எழுப்பும் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல். கூரை என்பது பவர் சப்ளை கொடுக்கும் மின்னழுத்தத்தின் எல்லை. சிக்னல் தரைக்குப் பக்கத்தில் போனால் இரைச்சலில் மூழ்கும், கூரையில் முட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

ஆகவே நடுவில் ஒரு பாதையை வகுத்துக்கொண்டார்கள். தொழில்முறைக் கருவிகளில் அந்தப் பாதை பிளஸ் 4 டி.பி.யு. (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அலகு), வோல்ட்டில் சொன்னால் சுமார் 1.23. மேசையில் லெவலைக் காட்டும் வி.யு. மீட்டரின் முள் பூஜ்யத்தில் நிற்பது இந்த லெவலில்தான். நல்ல மேசைகளில் கூரை பிளஸ் 24 டி.பி.யு. பக்கம் இருக்கும். இடையில் 20 டெசிபல். இந்த இடைவெளிக்குப் பெயர் ஹெட்ரூம். பழைய வீடுகளின் நிலைவாசலில் குனியாமல் நுழைந்து நெற்றியில் வாங்கிக்கொண்டவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

வி.யு. மீட்டரைப் பற்றி இன்னொரு சங்கதி பின்னால் தேவைப்படும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 1930களின் கடைசியில் பெல் ஆய்வகமும் அமெரிக்க வானொலி நிறுவனங்களான சி.பி.எஸ்., என்.பி.சி.யும் சேர்ந்து உருவாக்கிய மீட்டர் அது. வேண்டுமென்றே சோம்பேறியாகச் செய்யப்பட்டது. ஒரு ஓசை தொடர்ந்து ஒலித்தால் முள் அந்த இடத்துக்குப் போய்ச் சேரக் கிட்டத்தட்ட 300 மில்லிசெகண்ட் எடுத்துக்கொள்ளும். அதனால் 'டப்' என்று வந்து மறையும் அடியின் உச்சத்தை அது காட்டாது, சராசரியைத்தான் காட்டும். நம் காது சத்தத்தை உணர்வதும் ஏறத்தாழ அப்படித்தான்.

கம்ப்யூட்டருக்குள் கூரை எங்கே?

டிஜிட்டலில் கூரைக்குப் பூஜ்யம் என்று பெயர். 0 டி.பி.எஃப்.எஸ்., அதாவது டிஜிட்டலின் உச்சத்தில் இருந்து எண்ணும் டெசிபல். பதியும்போது அதற்கு மேல் எண்களே கிடையாது, எல்லா லெவலும் மைனஸில்தான் எழுதப்படும். 16 பிட் காலத்தில் மொத்தமே சுமார் 96 டெசிபல் இடம்தான் இருந்தது என்பதால், சிவப்பு விளக்கு எரியாத அளவுக்கு எவ்வளவு மேலே தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளு என்று சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்கு அது நியாயமான அறிவுரை. இன்றைக்கு 24 பிட். கணக்குப்படி 144 டெசிபல், ஓசையை எண்களாக மாற்றும் நல்ல கன்வெர்ட்டர்களில் நிஜமாகவே 115, 120 வரை கிடைக்கிறது. மேலே 18 டெசிபல் காலியாக விட்டாலும் எதுவும் கெட்டுப்போகாது. பழக்கம் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

இங்கே ஒரு குட்டு உடைபட வேண்டும். ரீப்பர், கியூபேஸ், லாஜிக் என்று எதை எடுத்தாலும் இன்றைய மென்பொருள்கள் உள்ளே 32 பிட் அல்லது 64 பிட் ஃப்ளோட்டிங் பாயிண்டில் கணக்குப் போடுகின்றன. 32 பிட் ஃப்ளோட்டில் கொள்ளும் வீச்சு 1500 டெசிபலுக்கும் மேல். ஒரு டிராக்கை 20 டெசிபல் ஏற்றுங்கள். சிவப்பு எரியட்டும். மாஸ்டரில் 20 டெசிபல் இறக்குங்கள். வெளியே வருவது முதலில் இருந்த அதே ஓசை. சந்தேகம் இருந்தால் இரண்டையும் கோப்பாக எடுத்து, ஒன்றின் போலாரிட்டியை (அலையின் மேல், கீழை) திருப்பிப் போட்டு, சேர்த்து ஒலிக்க விட்டுப் பாருங்கள். மௌனம்தான் மிஞ்சும்.

அப்படியென்றால் லெவலைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? மூன்று இடங்களில் மட்டும் அது உறைக்கும். ஒன்று, மைக்கில் இருந்து கன்வெர்ட்டர் வழியாக உள்ளே வரும் இடம். அங்கே நிஜமான கூரை உண்டு, வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதான். இரண்டு, முடிந்த பாட்டு கோப்பாக வெளியே போகும் இடம். மூன்றாவது, இந்தக் கன்சோல் பிளக்இன்கள் போல லெவலுக்குத் தகுந்தபடி குணம் மாறுகிற பிளக்இன்கள். முதல் இரண்டையும் பற்றி எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். மூன்றாவதில்தான் தம்பி மாட்டிக்கொண்டான்.

வளைவுக்குள் நடப்பது

மென்பொருளோடு வரும் சாதாரண ஈக்வலைசருக்கு இரண்டு மடங்கு லெவல் கொடுத்தால் இரண்டு மடங்கு வெளியே வரும். அவ்வளவுதான், குணம் மாறாது. கன்சோல் பிளக்இன் அப்படி இல்லை. உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் ஒரு கோடு வரைந்தால், நடுவில் அது நேராக இருக்கும், இரு முனைகளிலும் மெல்ல வளையும். சிறிய சிக்னல் அந்த நேர்ப்பகுதியிலேயே போய்த் திரும்பிவிடும், அதற்கு ஒன்றும் ஆகாது. பெரிய சிக்னல் வளைவைத் தொடும்போதுதான் அதன் வடிவம் மாறும்.

வடிவம் மாறினால் முன்பு இல்லாத அதிர்வெண்கள் முளைக்கும். 100 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியோடு 200, 300 ஹெர்ட்ஸிலும் கொஞ்சம் கொஞ்சம் சேரும். இவைதான் ஹார்மானிக்ஸ். 100 ஹெர்ட்ஸைக் கொடுக்கத் திணறும் போன் ஸ்பீக்கர் 300 ஹெர்ட்ஸை ஓரளவு கொடுத்துவிடும், காது அதை வைத்தே கீழே ஒரு பேஸ் இருப்பதாகக் கட்டிக்கொள்ளும். கன்சோல் போட்டால் பேஸ் 'தெரிகிறது' என்று சொல்வதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

லெவலுக்கு இது எவ்வளவு கூருணர்வு உள்ளது என்பதற்கு ஒரு கணக்கு. மென்மையான வளைவுகளில், சிக்னலை 1 டெசிபல் ஏற்றினால் மூன்றாம் ஹார்மானிக் ஏறக்குறைய 3 டெசிபல் ஏறும். அதாவது மூல ஒலியோடு ஒப்பிட்டால் 2 டெசிபல் கூடுதல். திருப்பிப் பாருங்கள்: இருக்க வேண்டிய லெவலுக்கு 20 டெசிபல் கீழே உள்ளே போகிறது என்றால், ஹார்மானிக் ஒப்பளவில் 40 டெசிபல் கீழே போய்விடும். நூறில் ஒரு பங்கு. பிளக்இன் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, ஆனால் கேட்கிற அளவில் இல்லை.

மேசைக்கு மேசை இந்த வளைவு வேறுபடும். 1970இல் வந்த நீவ் 1073 மாட்யூலில் உள்ளே வரும் வழியிலும் வெளியே போகும் வழியிலும் டிரான்ஸ்ஃபார்மர். டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு தாழ்ந்த அதிர்வெண்களில்தான் முதலில் திணறும், ஆகவே கனம் சேருவது பேஸ் பக்கம். எஸ்.எஸ்.எல். 4000 வரிசையின் ஃபேடர்களுக்குப் பின்னால், மின்னழுத்தத்தால் லெவலைக் கட்டுப்படுத்தும் வி.சி.ஏ. என்ற சர்க்யூட் இருந்தது, அதன் குணம் வேறு. 1960களின் கடைசியில் லண்டன் ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில் வால்வு மேசைகளின் இடத்துக்கு வந்த டி.ஜி.12345 டிரான்சிஸ்டரில் இயங்கியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த மேசைகளை வடிவமைத்தவர்கள் ஓசையில் கறையே படியக் கூடாது என்று மெனக்கெட்டவர்கள். அவர்களால் துடைக்க முடியாமல் மிஞ்சிய கறையைத்தான் நாம் இன்று காசு கொடுத்து வாங்குகிறோம்.

சேனல் ஒன்று, பஸ் ஒன்று

பெரும்பாலான கன்சோல் பிளக்இன்கள் ஜோடியாக வரும். ஒவ்வொரு டிராக்கிலும் ஒரு சேனல் பிளக்இன், மாஸ்டரிலும் குரூப்களிலும் ஒரு பஸ் பிளக்இன். வேவ்ஸ் என்.எல்.எஸ்., ஸ்லேட் டிஜிட்டலின் வி.சி.சி. இரண்டும் இந்த வகை. என்.எல்.எஸ்.ஸில் ஒரு எஸ்.எஸ்.எல்., ஒரு நீவ், ஒரு ஈ.எம்.ஐ. என மூன்று மேசைகள் இருக்கின்றன. பிரெய்ன்வொர்க்ஸின் கன்சோல் வரிசை ஈக்வலைசர், சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அடக்கும் கம்ப்ரெசர் எல்லாம் சேர்ந்த முழு சேனல். அதில் 72 சேனல்களுக்கும் உதிரிபாகங்களின் சின்னச் சின்ன வித்தியாசத்தைத் தனித்தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். இடப் பக்கம் 17, வலப் பக்கம் 18 என்று போட்டால் இரண்டும் மயிரிழை அளவு வேறாக ஒலிக்கும். ஹாரிசன் நிறுவனமோ தன் மேசையின் குணத்தை மிக்ஸ்பஸ் என்ற தனி மென்பொருளாகவே கொடுக்கிறது.

தொடக்கக்காரர்களுக்கு நான் முதலில் காட்டுவது ஏர்விண்டோஸ். கிறிஸ் ஜான்சன் எழுதி இலவசமாக, மூல நிரலோடு வெளியிடும் பிளக்இன்கள். படமும் முள்ளும் கிடையாது, வெறும் ஸ்லைடர்தான், அதனால் காதை மட்டும் நம்பிப் பழகலாம். அதில் பியூரெஸ்ட்கன்சோல் என்ற ஜோடியின் உள்வேலை அழகானது. சேனல் பிளக்இன் ஒவ்வொரு சாம்பிளுக்கும், அதாவது ஓசையை எழுதிய ஒவ்வொரு எண்ணுக்கும், சைன் கணக்கைப் போடும். பஸ் பிளக்இன் அதற்கு நேர் எதிரான ஆர்க்சைனைப் போடும். ஒரே டிராக் மட்டும் ஓடினால் போட்டதும் எடுத்ததும் சரியாகிவிடும், ஒரு மாற்றமும் இருக்காது. இரண்டு டிராக் சேரும்போதுதான் விஷயமே. ஒன்றின் அளவு 0.5, மற்றது 0.3 என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாகக் கூட்டினால் 0.8. பியூரெஸ்ட்கன்சோல் வழியாகப் போனால் கிட்டத்தட்ட 0.89. ஒன்று 0.5, மற்றது மைனஸ் 0.3 என்றால் சாதாரணக் கூட்டல் 0.2, இதிலோ 0.185. ஒரே திசையில் போகும் அலைகள் கொஞ்சம் எழும்புகின்றன, எதிர்த் திசையில் போகிறவை கொஞ்சம் அடங்குகின்றன. தனி டிராக்கில் எதுவும் மாறாமல், கூடும் இடத்தில் மட்டும் மாற்றம்.

கணக்கு சரியாக வர வேண்டுமானால் சேனலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் லெவல் மாறக் கூடாது. ஆகவே பியூரெஸ்ட்கன்சோல் சேனலை ஃபேடருக்குப் பின்னால், கடைசி ஆளாக வைக்க வேண்டும். மற்ற நிறுவனங்களின் சேனல் பிளக்இன்னை முதல் ஆளாக வைப்பதே வழக்கம், நிஜ மேசையில் சிக்னல் முதலில் நுழைவது அங்கேதான் என்பதால். ஒன்றின் கையேட்டைப் படித்துவிட்டு மற்றதில் அதையே செய்து குழம்பியவர்களில் நானும் ஒருவன்.

ஏன் மைனஸ் 18?

நிஜ மேசையில் முள் பூஜ்யத்தில் நிற்கும்போது என்ன நடக்கிறதோ, அதுதான் பிளக்இன் செய்தவர் அளந்து எழுதிய வளைவின் மையம். கம்ப்யூட்டரில் அந்தப் பூஜ்யம் எங்கே இருக்கிறது? பெரும்பாலான பிளக்இன்களில் மைனஸ் 18 டி.பி.எஃப்.எஸ். இது மந்திர எண் அல்ல. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் அனலாக்கையும் டிஜிட்டலையும் பொருத்திப் பார்க்க மைனஸ் 18ஐ வைத்துக்கொண்டார்கள். அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சித் தரம் மைனஸ் 20 என்றது. பிளக்இன் உலகில் 18 பரவலாக நிலைத்துவிட்டது. சிலவற்றில் அதை மாற்றவும் குமிழ் இருக்கும். வாங்கியதும் கையேட்டில் முதலில் தேட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

மீட்டர்களில் ஒரு பொடி வில்லங்கம். சராசரி காட்டும் சில மீட்டர்கள் சைன் அலையை அதன் உச்சத்துக்கு 3 டெசிபல் கீழே காட்டும், சில அந்த 3ஐச் சேர்த்துக் காட்டும். மைனஸ் 18இல் ஒரு 1000 ஹெர்ட்ஸ் சைன் அலையை ஓடவிட்டு உங்கள் மீட்டர் எங்கே நிற்கிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். டி.பி. புரோ ஆடியோவின் எம்வி மீட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் வி.யு. முறையைத் தேர்ந்தெடுத்து, மையத்தை மைனஸ் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் செஷன்

அவன் அனுப்பிய செஷனில் (பாட்டின் எல்லா டிராக்கும் உள்ள மிக்ஸ் கோப்பில்) 34 டிராக். திருவிழாப் பாட்டு மாதிரி ஒன்று: குரல், பேஸ் கிட்டார், நிஜமாக வாசித்துப் பதிந்த தவில், ஜால்ரா, கம்ப்யூட்டர் கிக் டிரம், நான்கைந்து கீபோர்டு அடுக்குகள், கோரஸ்.

கிக்கைத் தனியாக ஓடவிட்டேன். முன்பே பதிந்து விற்கும் ஒலித் துண்டுகளின் சாம்பிள் நூலகத்தில் இருந்து வந்தது. உச்சம் மைனஸ் 0.3. விற்கிறவர்கள் சாம்பிளை எப்போதும் கூரை வரை ஏற்றித்தான் கொடுப்பார்கள், கேட்டவுடன் பிடிக்க வேண்டுமே. ஆனால் பிளக்இன் கண்ணுக்கு இது வி.யு. பூஜ்யத்தைவிடச் சுமார் 18 டெசிபல் மேலே. நிஜ மேசையாக இருந்தால் கூரையை நெருங்கித் திணறியிருக்கும். கிக்கின் முன் அடி முழுக்க வளைவில் மாட்டி நசுங்கியிருந்தது. "கிக் சப்பையா இருக்குண்ணா, சாம்பிளே மோசம் போல" என்று அவன் வேறு வேறு கிக்காக மாற்றிக்கொண்டிருந்தான். பிறகு குரலைப் பார்த்தேன். நேர் எதிர். வி.யு. முள் மைனஸ் 16ஐத் தாண்டவே இல்லை. கூரையில் முட்டி வெட்டுப்பட்டுவிடும் என்ற பயத்தில் கெயினை ரொம்பக் குறைத்துப் பதிந்திருக்கிறான். ஒரே செஷனில் ஒரு கடுகு கருகிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று பச்சையாகக் கிடக்கிறது.

கிக்கின் ஃபேடரை இறக்கினால் போதாதா என்று கேட்டான். போதாது, தொடக்கத்தில் பலரும் தடுமாறும் இடம் இது. டிராக்கில் செருகும் பிளக்இன்கள் வழக்கமாக ஃபேடருக்கு முன்னால் இருக்கின்றன. ஃபேடரை எவ்வளவு இறக்கினாலும் பிளக்இன்னுக்குள் போவது அதே லெவல்தான், நசுங்கிய பிறகு சத்தம் குறையும், அவ்வளவே. மாற்ற வேண்டியது ஃபேடருக்கு மேலே: கிளிப் கெயின் (பதிந்த துண்டின் லெவலையே மாற்றுவது), அல்லது முதல் இடத்தில் லெவலை மட்டும் ஏற்றி இறக்கும் ஒரு டிரிம் பிளக்இன்.

எல்லா ஃபேடரையும் பூஜ்யத்தில் வைத்தோம். பாட்டில் சத்தம் அதிகம் உள்ள இடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, ஒவ்வொரு டிராக்காகக் கிளிப் கெயினைத் தொட்டோம். குரலுக்கு 16 டெசிபல் ஏற்றியதும் முள் மைனஸ் 4க்கும் பூஜ்யத்துக்கும் நடுவே ஆட ஆரம்பித்தது. கூடவே அறையின் மின்விசிறியும் ஏறியது. அது பதிவின் பிழை, இங்கே மருந்து கிடையாது. பல்லவியில் கிசுகிசுத்து சரணத்தில் கத்தும் குரல் என்பதால், சரணத்தை வெட்டித் தனியாக 3 டெசிபல் குறைத்தோம். பேஸ் கிட்டாரைப் பூஜ்யத்தை ஒட்டியே நிறுத்தினோம்.

தவிலிலும் கிக்கிலும் முள்ளை நம்பவில்லை. முன்னே சொன்ன சோம்பேறித்தனம் இங்கேதான் வேலையைக் காட்டும். தவிலின் வலந்தலையில் கூடுபோட்ட விரல்கள் விழும் அடி சில மில்லிசெகண்டில் முடிந்துவிடும், முள் எழுந்து பார்ப்பதற்குள் அடி போய்விட்டது. முள் பூஜ்யத்துக்கு வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனால் உச்சங்கள் கூரையைப் பிய்த்துவிடும். அதனால் தாள வாத்தியங்களுக்கு உச்சம் காட்டும் மீட்டரைப் பார்த்து, மைனஸ் 10இல் இருந்து மைனஸ் 6க்குள் நிறுத்தினோம். கிக்குக்கு 9 டெசிபல் இறக்கம். ஜால்ராவும் அப்படித்தான். ஜால்ராவை வி.யு. பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். பின்னணி கீபோர்டு அடுக்குகளை மைனஸ் 7, 8 பக்கம் விட்டுவிட்டோம், அவற்றுக்கு அது போதும்.

இதில் எதற்காவது ஒரு துல்லியமான எண் உண்டா என்று அவன் நோட்டை எடுத்தான். கிடையாது. இரண்டு மூன்று டெசிபல் இப்படி அப்படி இருந்தால் ஒன்றும் குடி முழுகாது. பத்து, பதினெட்டு என்று விலகியிருப்பதைத்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம் மாஸ்டர். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத 34 ஓசைகள் ஒரே லெவலில் சேர்ந்தால் மொத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும். பத்து டிராக் என்றால் 10 டெசிபல். ஒவ்வொரு டிராக்கும் ஒழுங்காக மைனஸ் 18இல் இருந்தாலும், ஃபேடர் எல்லாம் பூஜ்யத்தில் இருந்தால் பஸ் பிளக்இன்னுக்குள் போவது மைனஸ் 3. நிஜ மிக்ஸில் ஃபேடர்கள் இறங்கும் என்பதால் அவ்வளவு வராது, ஆனாலும் பார்க்கத்தான் வேண்டும். ஃபேடர்களால் சமன் செய்து முடித்த பிறகு, மாஸ்டரில் பஸ் பிளக்இன்னுக்கு முன்னால் ஒரு டிரிம் வைத்து, முள் பூஜ்யத்தைச் சுற்றி ஆடும்படி 6 டெசிபல் குறைத்தோம். ஃப்ளோட்டிங் பாயிண்ட் என்பதால் அங்கே குறைப்பதில் நஷ்டம் இல்லை.

பஸ்ஸில் கொஞ்சம் கஞ்சத்தனம் நல்லது. தனி டிராக்கில் வளைவு ஹார்மானிக்ஸை மட்டும்தான் பெரும்பாலும் சேர்க்கும். பல ஓசைகள் சேர்ந்து வளைவுக்குள் போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலும்கூட அதிர்வெண்களாக முளைக்கும். 400ம் 500ம் சேர்ந்தால் 900, 100 என்று. இவை ராகத்தோடு ஒட்டாதவையாகவும் இருக்கலாம். அளவோடு இருந்தால் பசை மாதிரி ஒட்டும், மிஞ்சினால் சேறு.

இந்த வேலையை மிக்ஸின் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். பாதி மிக்ஸ் முடிந்து கம்ப்ரெசர்கள் எல்லாம் வைத்த பிறகு கிளிப் கெயினைத் தொட்டால், ஒவ்வொரு கம்ப்ரெசரும் அடக்கத் தொடங்கும் லெவலான த்ரெஷோல்டும் தவறிப் போகும். அந்த நிலையில் இருந்தால் அந்தப் பாட்டை அப்படியே முடித்துவிட்டு, அடுத்த பாட்டில் இருந்து ஆரம்பியுங்கள்.

காதை ஏமாற்றும் சில குமிழ்கள்

சிக்னலை வளைவுக்குள் தள்ளும் டிரைவ் குமிழைத் திருப்பியதும் ஓசை அள்ளுகிறது என்று தோன்றும். பாதி நேரம் வெறும் சத்தம்தான் ஏறியிருக்கும். ஒரு டெசிபல் கூடினாலே நம் காது "நல்லா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டுவிடும். டிரைவை 3 ஏற்றினால் அவுட்புட்டை 3 இறக்கி, பிறகு ஆன், ஆஃப் செய்து கேளுங்கள். சில பிளக்இன்கள் இதைத் தாமாகவே செய்கின்றன. செய்யாதவற்றில் நாம்தான் செய்ய வேண்டும், சோம்பல் படக் கூடாது.

இரைச்சல் குமிழ் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒரு டிராக்கில் கேட்காத இரைச்சல் 34 டிராக்கில் 15 டெசிபல் ஏறி நிற்கும். மேசைக்காரர்கள் எதை எதிர்த்துப் போராடினார்களோ அதையே நாம் வலியப் போய்ச் சேர்ப்பானேன்?

ஓவர்சாம்பிளிங் (பிளக்இன்னுக்குள் மட்டும் அதிக சாம்பிள்களில் கணக்குப் போடுவது) என்ற பொத்தானை மட்டும் மதியுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் செஷனில் 22.05க்கு மேல் எந்த அதிர்வெண்ணுக்கும் இடமில்லை. ஜால்ராவில் உள்ள 10 கிலோஹெர்ட்ஸின் மூன்றாம் ஹார்மானிக் 30. அதற்கு இடமில்லாததால் மடங்கி 14.1இல் வந்து விழும், எந்தச் சுருதியோடும் சேராமல். ஓவர்சாம்பிளிங் போட்டால் இது பெருமளவு அடங்கும், கம்ப்யூட்டர்தான் மூச்சு வாங்கும். வேலை செய்யும்போது அணைத்து வைத்து, கோப்பாக எடுக்கும்போது போட்டுக்கொள்ளும் வசதி சில பிளக்இன்களில் உண்டு.

எல்லா டிராக்கிலும் போட்டே ஆக வேண்டுமா என்றால், எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. அழகாகப் பதியப்பட்ட ஒற்றை வீணையும் குரலும் மட்டும் உள்ள பாட்டில் நான் எதையும் போடுவதில்லை. முப்பது நாற்பது டிராக், அதுவும் பாதி சாம்பிள்கள் என்றால் போடுவேன்.

வேலை முடிந்ததும் ஒரு விளையாட்டு விளையாடினோம். எல்லாக் கோப்பையும் சத்தத்தில் சமமாக்கி, எது எது என்று சொல்லாமல் அவன் போட வேண்டும், நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும். முதலில் அவனுடைய பழைய செஷனும் லெவல் திருத்திய புதிய செஷனும். பத்துக்குப் பத்து, கிக் ஒன்றே காட்டிக்கொடுத்துவிட்டது. அடுத்து, திருத்திய செஷனிலேயே கன்சோல் பிளக்இன்கள் எல்லாம் ஆன் செய்தது ஒன்று, ஆஃப் செய்தது ஒன்று. பத்தில் ஏழுதான் சரியாகச் சொன்னேன். தவறிய மூன்றும் பேஸ் வருவதற்கு முன்னால் உள்ள முன்னிசைப் பகுதி. பிறகு நான் போட, அவன் சொன்னான். அவனுக்கு எட்டு. இருபது வயதுக் காது.